கிட்டார் எடுக்கறதுக்கு முன்னாடி கையை எப்படி ரெடி பண்றது: புதுசா கத்துக்கறவங்களுக்கு

கிட்டார் கத்துக்க ஆரம்பிச்ச எல்லாரும் முதல் வாரத்துலயே கேக்கற கேள்வி ஒண்ணுதான், விரல் நுனி இப்படி எரியுதே இது எப்ப சரியாகும்னு. தினமும் கொஞ்ச நேரம் வாசிச்சா ரெண்டு மூணு வாரத்துல குறைஞ்சிடும், அதுக்கப்புறம் அதைப் பத்தி மறந்தே போயிடுவீங்க, ஏன்னா ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தா தோல் தானாவே அந்த இடத்துல தடிச்சுக்கும், அதைத்தான் காய்ப்புன்னு சொல்றோம். ஆனா கைக்குள்ள ஓடற தசைநாணுக்கும் நரம்புக்கும் காய்ப்பு எல்லாம் காய்க்காது. தப்பா வேலை வாங்கினா ரொம்ப நாள் சத்தமே போடாம இருந்துட்டு ஒருநாள் மணிக்கட்டு வலியா வந்து நிக்கும். எல்லாரும் விரல் நுனியையே பாத்துட்டு இருக்காங்க, உண்மையில கவனிக்க வேண்டியது முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் இருக்கற பகுதியைத்தான்.

வலது கையால மீட்டறவங்களை மனசுல வச்சு எழுதறேன், இடது கைக்காரங்க அப்படியே மாத்திக்கோங்க.

1. நகம்

இடது கை விரலை கார்டு (பல கம்பியை ஒண்ணா அழுத்தி மீட்டற சுரக்கூட்டு) புடிக்கற மாதிரி வளைச்சு, மேஜை மேல நுனி மட்டும் படற மாதிரி நேரா குத்தி வைங்க. தோல் படறதுக்கு முன்னாடி நகம் போய் டக்குன்னு இடிச்சா வெட்டணும். சி கார்டு சுத்தமா வரல, பக்கத்து கம்பி செத்துப் போகுதுன்னு மாசக்கணக்கா தலையைப் பிச்சுக்கறவங்க நிறைய பேரு, பாத்தா ஒரு மில்லிமீட்டர் நகம்தான் காரணமா இருக்கும், நகம் ஃப்ரெட்போர்டுல (கம்பிக்கு அடியில இருக்கற கட்டை, அதுல குறுக்க பதிச்ச உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) இடிக்கறதால விரல் நேரா நிக்க முடியாம சாஞ்சிடுது, சாஞ்ச விரல் பக்கத்து கம்பியைத் தொட்டுடுது. வாசிக்கப் போறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி ஒட்ட வெட்டாதீங்க, நகத்துக்கு அடியில இருக்கற இளந்தோல் வெளிய வந்து கம்பி பட்டா சுருக்குன்னு இருக்கும். முந்தின நாள் ராத்திரியே வெட்டிடுங்க.

வலது கைல பிக் (கம்பியை மீட்டற சின்ன பிளாஸ்டிக் வில்லை) வச்சு வாசிக்கறவங்களுக்கு நகம் பெரிய விஷயம் இல்ல. விரலால மீட்டறவங்க நுனியைத் தாண்டி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வளர்த்துக்கலாம், ஆனா நகவெட்டியால வெட்டாம ஃபைல் போட்டு ஒரே பக்கமா தேய்ச்சு வளைவா ஷேப் பண்ணுங்க. ஓரம் சொரசொரன்னு இருந்தா அந்த சொரசொரப்பு கம்பில அப்படியே சத்தமா கேக்கும்.

2. கழுவறதும் காய வைக்கறதும்

சோப்பு போட்டு கையைக் கழுவுங்க. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் கம்பில ஏறினா கம்பி கறுத்து, துரு புடிச்சு, சொரசொரப்பாயிடும், அப்புறம் அந்தக் கம்பி உங்க விரலைத்தான் அறுக்கும். கழுவினதும் விரல் இடுக்கு வரைக்கும் துண்டால நல்லா துடைச்சிடுங்க.

இதுல முக்கியமான ஒண்ணு, கழுவறது வேற ஊறறது வேற. குளிச்சிட்டு வந்த உடனேயோ, பாத்திரம் துணி எல்லாம் துவைச்ச உடனேயோ கிட்டாரை எடுக்காதீங்க, அப்ப தோல் ஊறி மெத்துன்னு ஆகியிருக்கும், லைட் கேஜ் (கேஜ்னா கம்பியோட தடிமன்) செட்டுல முதல் கம்பியோட தடிமனே கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர்தான், அவ்ளோ மெல்லிசான ஸ்டீல் ஊறின தோல்ல இறங்கினா கோடு கோடா பள்ளம் விழும், கஷ்டப்பட்டு காய்ச்ச காய்ப்பும் உரிஞ்சு வந்துடும். விரல் நுனில சுருக்கம் தெரியுதா, இன்னும் காயலன்னு அர்த்தம். அரை மணி நேரம் விட்டுடுங்க. இதே காரணத்துக்காகத்தான் வாசிக்கறதுக்கு முன்னாடி மாய்ஸ்சரைசரும் வேண்டாம்னு சொல்றது.

கை ரொம்ப வியர்க்கறவங்க பக்கத்துலயே ஒரு காட்டன் துணி வச்சுக்கோங்க, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல துடைச்சிடலாம். சிலர் பவுடர் போடுவாங்க, எனக்கு அது புடிக்காது, சுத்து கம்பியோட (மேல மெல்லிசா இன்னொரு கம்பி சுத்தின தடிமனான கம்பி) இடுக்குல போய் அடைஞ்சுக்கிட்டு சத்தத்தை மங்க வச்சிடும். மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க.

3. சூடேத்தறது, அதுவும் முழங்கைல இருந்து

இப்ப ஒரு சின்ன வேலை பண்ணுங்க. வலது கையால இடது முன்கையை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழ, லேசா புடிச்சுக்கிட்டு இடது கை விரல்களை ஒவ்வொண்ணா மடக்கி விரிங்க. புடிச்ச இடத்துல தோலுக்கு அடியில ஏதோ நெளியற மாதிரி தெரியுதா? விரலை இழுக்கற தசை அங்கதான் இருக்கு, விரலுக்குள்ள தசையே கிடையாது, முன்கைல இருக்கற தசை நீளமான தசைநாண் வழியா, பொம்மலாட்டக்காரர் நூலைப் புடிச்சு இழுக்கற மாதிரி, விரலை இழுக்குது. அந்த நூல் எல்லாம் மணிக்கட்டுல ஒரு குறுகலான சந்துக்குள்ள புகுந்துதான் போகுது, கூடவே ஒரு நரம்பும் அதே சந்துல போகுது. மணிக்கட்டை ரொம்ப மடக்கி வச்சு வாசிச்சா என்ன ஆகும்னு இனிமே நான் சொல்ல வேண்டியதில்ல.

சூடேத்தணும்னு சொன்னா விரலை மட்டும் சொடுக்கு எடுத்துட்டு உக்காந்துடாதீங்க. தோளை முன்னாடி பின்னாடி பத்து தடவை சுத்துங்க, கையைத் தொங்கப் போட்டு உதறுங்க, முன்கையை உள்ளங்கையால ஒரு நிமிஷம் நல்லா தேய்ச்சு விடுங்க. கை விறைச்சுப் போய் சில்லுன்னு இருந்தா வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு நிமிஷம் காட்டிட்டு துடைச்சுக்கலாம், அந்த நேரத்துக்குள்ள எல்லாம் தோல் ஊறிடாது. சில்லுன்னு இருக்கற கையோட வேகமா வாசிக்கப் போனா விரல் சொன்ன பேச்சு கேக்காது, கேக்கலன்னு நீங்க இன்னும் அழுத்துவீங்க, அங்கதான் எல்லாமே ஆரம்பிக்குது.

4. ஸ்ட்ரெச்

இதை சூடானதுக்கு அப்புறம்தான் பண்ணணும். கையை முன்னாடி நீட்டி, உள்ளங்கை வெளிய பாக்கற மாதிரி வச்சு, இன்னொரு கையால விரல்களை லேசா உங்க பக்கம் இழுங்க, பத்து பதினஞ்சு செகண்ட் போதும். அப்புறம் உள்ளங்கை உங்களைப் பாக்கற மாதிரி திருப்பி அதே மாதிரி. இழுக்குதுன்னு தெரியணும், வலிக்கக் கூடாது. விரல் ரெண்டையும் புடிச்சு கிழிக்கற மாதிரி அகலமா பிரிக்கற வீடியோ எல்லாம் பாத்திருப்பீங்க, அதைத் தயவு செஞ்சு பண்ணாதீங்க, விரல் அகலம் தானா வரும்.

5. கிட்டாரோட முதல் அஞ்சு நிமிஷம்

பாட்டுக்குப் போகாம முதல்ல இதைப் பண்ணுங்க. ஏதாவது ஒரு கம்பில ஏழாவது ஃப்ரெட்டுல ஆள்காட்டி விரலை சும்மா தொடற மாதிரி வைங்க, அழுத்தாதீங்க. வலது கையால விடாம மீட்டிட்டே இருங்க. டொக் டொக்னு செத்த சத்தம் வரும். இப்ப ரொம்ப ரொம்ப மெதுவா அழுத்தத்தைக் கூட்டுங்க, முதல்ல கரகரன்னு வரும், இன்னும் கொஞ்சம் அழுத்தினதும் திடீர்னு சுத்தமா மணி மாதிரி கேக்கும், அங்கயே நிறுத்துங்க. அவ்ளோ அழுத்தம்தான் வேணும், அதுக்கு மேல போடறது எல்லாம் வேஸ்ட். புதுசா கத்துக்கறவங்க பெரும்பாலும் இதை விட பல மடங்கு அழுத்தறாங்க, விரல் வலிக்கறதுல பாதி இதனாலதான். விரலை ஃப்ரெட் பட்டைக்கு ஒட்டி அதுக்குப் பின்னாடி, அதாவது கிட்டாரோட தலைப்பக்கமா வச்சா இன்னும் கம்மி அழுத்தம் போதும், ரெண்டு ஃப்ரெட்டுக்கும் நடு சென்டர்ல வச்சா அதிகமா அழுத்த வேண்டி வரும், மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க உங்களுக்கே தெரியும். கட்டை விரலையும் கவனிங்க, பின்னாடி கிட்டாரோட கழுத்தை நசுக்கிட்டு இருந்தா கொஞ்சம் தளர்த்துங்க, ஒரு நிமிஷம் கட்டை விரலை எடுத்துட்டே வாசிச்சுப் பாக்கலாம்.

அடுத்து எல்லாரும் சொல்ற அதே ஒண்ணு ரெண்டு மூணு நாலுதான், அதாவது ஒவ்வொரு கம்பிலயும் அடுத்தடுத்த நாலு ஃப்ரெட்டை நாலு விரலால வரிசையா வாசிக்கறது, ஆனா ஏழாவது ஃப்ரெட்டுல ஆரம்பிங்க. சாதாரண அக்கூஸ்டிக்ல (கரண்ட் இல்லாம வாசிக்கற கிட்டார்) முதல் ஃப்ரெட் இடைவெளி கிட்டத்தட்ட 36 மில்லிமீட்டர், ஏழாவதுல அது 26 மில்லிமீட்டர்தான், விரல் கஷ்டப்பட்டு விரிய வேண்டியதில்ல. மெட்ரோனோமை (டிக் டிக்னு தாளம் காட்டற கருவி) நிமிஷத்துக்கு 60 அடில வச்சு ஒரு அடிக்கு ஒரு நோட்டு, ஆறு கம்பியும் ஏறி முடிக்க 24 செகண்ட் ஆகும். ஏறி இறங்கி ரெண்டு மூணு தடவை போதும். போர் அடிக்கும்தான், அதுக்காக 120ல வைக்காதீங்க.

6. கையைத் திட்டறதுக்கு முன்னாடி கிட்டாரைப் பாருங்க

எல்லாம் சரியா பண்ணியும் வலி தாங்கலன்னா தப்பு கைல இல்லாம கிட்டார்ல இருக்கலாம். 12ஆவது ஃப்ரெட்டுல ஸ்கேல் வச்சு, ஃப்ரெட்டுக்கும் தடிமனான ஆறாவது கம்பிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பாருங்க. ரெண்டரை மில்லிமீட்டர் பக்கம்னா அக்கூஸ்டிக்குக்கு ஓகே, மூணரை நாலுன்னு காமிச்சா யாரா இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும், செட்டப் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து இறக்கிக்கோங்க. இன்னொரு டெஸ்ட்டும் இருக்கு, முதல் ஃப்ரெட்டுல கேப்போ (எல்லா கம்பியையும் சேத்து அழுத்தற கிளிப்) போட்டு ஒரு கார்டு புடிங்க, திடீர்னு சுலபமா இருந்தா நட் (கழுத்தோட தலைப்பக்கம் கம்பியைத் தாங்கற சின்னப் பட்டை) உயரமா இருக்குன்னு அர்த்தம்.

கம்பியும் பாருங்க. 12 கேஜ் செட்டுல (நம்பர் கூடக் கூட கம்பி தடிமன்) ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டு நிக்கும், ஆரம்பத்துல 10 இல்லன்னா 11 போட்டுக்கறது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. கம்பி மாத்த முடியலன்னா எல்லாத்தையும் அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி) இறக்கி டியூன் பண்ணுங்க, இழுவிசை கிட்டத்தட்ட 11 சதவீதம் குறையும், மத்தவங்களோட சேர்ந்து வாசிக்கணும்னா முதல் ஃப்ரெட்டுல கேப்போ போட்டா பழைய சுருதிக்கே வந்துடும்.

பிளாக் சபாத்ங்கற ராக் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி 1965ல தகரத் தொழிற்சாலைல மெஷின்ல மாட்டி, ஃப்ரெட் அழுத்தற கைல ரெண்டு விரலோட நுனியையே இழந்தவர், அப்ப அவருக்கு 17 வயசு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டாரு, கம்பி ரொம்ப டைட்டா இருக்குன்னு பாஞ்சோ கம்பியை எல்லாம் போட்டு வாசிச்சாரு, பின்னாடி டியூனிங்கையும் இறக்கினாரு. கைக்குத் தகுந்த மாதிரி கிட்டாரை மாத்திக்கறதுல ஒரு வெக்கமும் இல்லன்னு சொல்றதுக்கு இதை விட நல்ல ஆள் கிடைக்க மாட்டாரு. இன்னொரு பக்கம் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வாகன், 13 கேஜ் கம்பி போட்டு விரல் கிழிஞ்சா சூப்பர் க்ளூ வச்சு ஒட்டிக்கிட்டு வாசிச்சவரு. ரசிக்கலாம், காப்பி அடிக்க வேண்டாம்.

7. எந்த வலியைப் பாத்து நிறுத்தணும்

விரல் நுனி எரியறது, செவக்கறது, கம்பி தடம் விழறது, இதெல்லாம் நார்மல். 15 நிமிஷம் வாசிச்சு, விட்டுட்டு, சாயங்காலம் இன்னொரு 15 நிமிஷம் வாசிங்க, ஒரே மூச்சுல ஒண்ணரை மணி நேரம் உக்காந்தா காய்ப்பு வராது கொப்புளம்தான் வரும். கொப்புளம் வந்தா உடைக்காதீங்க, அது அமுங்கற வரைக்கும் வலது கை பயிற்சி மட்டும் பண்ணுங்க.

மணிக்கட்டுல வலி, முன்கைல இழுத்துப் புடிக்கறது, கட்டை விரல் அடில குத்தறது, விரல் மரத்துப் போறது இல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கறது, இதுல ஏதாவது வந்தா அந்த நிமிஷமே கிட்டாரை வச்சிடுங்க. பல்லைக் கடிச்சுட்டு வாசிச்சா பழகிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது விரல் நுனிக்கு மட்டும்தான் பொருந்தும். மரத்துப் போறது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கமா இருந்தா மணிக்கட்டு சந்துல போற அந்த நரம்பு நசுங்குதோன்னு சந்தேகப்படணும், சுண்டு விரலும் மோதிர விரலும்னா அது வேற நரம்பு, முழங்கைல கூட அழுத்தம் இருக்கலாம். ரெண்டு மூணு நாள் ரெஸ்ட் எடுத்தும் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட போங்க. விரல் நுனில எரிச்சலுக்கு பதிலா அரிப்பும் தடிப்பும் வந்தா கம்பில இருக்கற நிக்கல் ஒத்துக்காம இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிக்கல் இல்லாத கம்பியா பாத்து மாத்திக்கோங்க.

8. வாசிச்சு முடிச்சப்புறம்

கம்பியை துணியால கீழயும் மேலயும் துடைங்க, கையைக் கழுவுங்க. காய்ப்போட ஓரம் உரிஞ்சு தொங்கினா பல்லால கடிச்சோ நகத்தால பிச்சோ எடுக்காதீங்க, கீழ இருக்கற பச்சைத் தோலையும் சேத்து இழுத்துட்டு வந்துடும், நைஸான ஃபைல் வச்சு கம்பில மாட்டாத அளவுக்கு லேசா தேய்ச்சு விட்டா போதும். ராத்திரி படுக்கும்போது மாய்ஸ்சரைசர் தடவிக்கலாம், ரொம்ப காஞ்ச காய்ப்பு வெடிக்கும். ஸ்பிரிட்ல விரலை முக்கினா சீக்கிரம் தடிக்கும்னு ஒரு பழைய டெக்னிக் சுத்திட்டு இருக்கு, அது தோலைக் காய வைக்குமே தவிர காய்ப்பை உண்டாக்காது, அது கம்பியோட வேலை.

நடுவுல சில வாரம் கிட்டாரே தொடலன்னா காய்ப்பு கரைஞ்சு போயிருக்கும். அப்ப பழைய நேரத்துல பாதி மட்டும் வாசிச்சு மறுபடி ஆரம்பிங்க, இந்த தடவை சீக்கிரமே வந்துடும்.