ஜெர்மனியில் வேலை தேடும் பெங்களூருத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் பிளஸ் டூ முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, கடைசிவரை அழைப்புக் கடிதமே வராமல் போனவர்கள் நம் குடும்பங்களில் ஏராளம். பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் நம்மவர்கள், அங்குள்ள 'ஆகென்டூர் ஃப்யூர் ஆர்பைட்' என்னும் அரசு வேலைவாய்ப்பு முகமையையும் அதே கண்ணோடு பார்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கே செய்யப்படும் மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் வேலையின்மைக் காப்பீட்டை நிர்வகிப்பது இந்த முகமைதான். பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவதும், எந்தத் தொழிலுக்கு எந்தத் தகுதி வேண்டும் என்று வழிகாட்டுவதும் அதன் பணிகளே. அதன் ஆலோசனைக்கும் வேலை தேடித் தரும் சேவைக்கும் கட்டணம் கிடையாது.

வேலை போகும் வேளையில் செய்யும் தவறுகளே பேரிழப்பைத் தருகின்றன என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ எச்.ஆர். துறையினர் தனியறைக்கு அழைத்து, "நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டரில் ஒரு குறையும் இருக்காது" என்று சொன்னால், அன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவது இங்கே பலருக்கும் பழகிப்போன வழக்கம். அந்தப் பழக்கத்தில், ஜெர்மானிய நிறுவனம் நீட்டும் பரஸ்பர விலகல் ஒப்பந்தத்தில் தக்க காரணமின்றிக் கையெழுத்திட்டால், வேலையை நீங்களே விட்டதாகக் கருதி, வேலையின்மை உதவித்தொகையை 12 வாரங்கள் வரை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. யோசிக்க அவகாசம் கேட்டு, தாளை வீட்டுக்கு எடுத்துவந்து, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும். நிறுவனமே பணிநீக்கக் கடிதம் கொடுத்தால், அதை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக 3 வாரமே அவகாசம். 'பேசிப் பார்க்கலாம்' என்று நாளைக் கடத்துபவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

பதிவு செய்வதிலும் தவறு நேர்கிறது. வேலை முடியும் தேதிக்கு 3 மாதம் முன்பாகவே 'வேலை தேடுபவர்' என்று முகமையில் பதிய வேண்டும். அந்த அளவு முன்னறிவிப்பு கிடைக்காவிட்டால், செய்தி தெரிந்த 3 நாட்களுக்குள் பதிய வேண்டும். தாமதித்தால் ஒரு வார உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். அதன் பிறகு, வேலையில்லாத முதல் நாளுக்குள் 'வேலையற்றவர்' என்று தனியாக இன்னொரு பதிவும் தேவை. முன்னதை முடித்ததும் எல்லாம் முடிந்ததென்று இருந்துவிடுபவர்களுக்குப் பணம் தொடங்கும் நாளே தள்ளிப்போகிறது. ப்ளூ கார்டில், அதாவது உயர்கல்வித் தகுதியுள்ள வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதியில், இருப்பவர்கள், வேலை இடையில் முடிந்துபோனதை அந்த அனுமதியைக் கையாளும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு 2 வாரங்களுக்குள் தெரிவிப்பதும் கட்டாயம். முகமையில் பதிந்ததால் அந்த அலுவலகத்துக்கும் தகவல் போய்விடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

உதவித்தொகை கேட்டால் விசாவுக்கு ஆபத்து என்று அஞ்சி, உரிமையுள்ள பணத்தை வாங்காமலே சேமிப்பைக் கரைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கடந்த 30 மாதங்களில் 12 மாதமாவது காப்பீடு கட்டியிருந்தால் கிடைக்கும் இந்தத் தொகை, நிகரச் சம்பளத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு. குழந்தை உள்ளவர்களுக்கு 67 விழுக்காடு. காப்பீடு கட்டிப் பெறும் பணம் என்பதால் இது அரசின் தயவில் வாழ்வதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. காப்பீட்டோடு தொடர்பில்லாத அடிப்படை வாழ்வாதார உதவி வேறு வகையானது. அதைக் கேட்கும் முன் கட்டாயம் ஆலோசனை பெற வேண்டும்.

கணவருடன் போகும் பெண்கள் இந்த முகமையின் படியேறாமலே இருப்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ இருந்துகொண்டு எட்டுப் பத்து ஆண்டு வேலை பார்த்தவர்கள், 'நான் டிபெண்டென்ட் தானே' என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். குடும்ப இணைப்பு அனுமதியில் வரும் துணைவருக்கு வேலை செய்யும் உரிமை உண்டு. உதவித்தொகை கிடைக்காவிட்டாலும், வேலை தேடுபவராகப் பதிந்து ஆலோசனை பெறலாம். பணியிட மொழிப் பயிற்சிக்கு வழி கேட்கலாம். இந்திராநகர் கோத்தே இன்ஸ்டிடியூட்டிலோ வேறு நல்ல பயிற்சி நிலையத்திலோ ஜெர்மன் மொழியைக் கணவருக்கு மட்டும் கற்பித்துவிட்டு மனைவியை அப்படியே விமானம் ஏற்றுவதும் தவறுதான்.

தனியார் ஏஜெண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புபவர் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாய். ஜெர்மனியிலோ, வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலை தேடுபவரிடம் தனியார் தரகர் முன்பணம் கேட்பதையே சட்டம் தடுக்கிறது. 2024 ஜூன் முதல் ஜெர்மனியில் நடைமுறையில் உள்ள 'சான்சென்கார்ட்டே' என்னும் வாய்ப்பு அட்டையை 'வேலை விசா' என்று சொல்லி விற்பவர்களிடமும் கவனம் தேவை. அது அதிகபட்சம் ஓராண்டு வேலை தேட அனுமதி. அந்தக் காலத்தில் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரமே வேலை செய்ய முடியும்.

எஞ்சியிருப்பது தமிழர்களுக்கே உரிய இனிஷியல் சிக்கல். பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியம், எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலில் கவிதா எஸ்., சம்பளச் சீட்டில் கவிதா சுப்பிரமணியன் என்று மூன்று விதமாக இருந்தால், பட்டத்தை மதிப்பிடும் அலுவலகத்திலும் வேலை தரும் நிறுவனத்திலும் ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத வேண்டிவரும். மதிப்பெண் பட்டியலைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்றாலும், சம்பளச் சீட்டையும் அனுபவச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றித் தருமாறு இங்கே வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடலாம். அந்தச் சான்றிதழில் பதவிப் பெயரும் தேதிகளும் மட்டும் போதாது. என்ன வேலை பார்த்தீர்கள், எந்தக் கருவிகளில், எத்தனை பேரை வழிநடத்தினீர்கள் என்பதும் இருக்குமாறு எழுதித் தரச் சொல்லுங்கள்.