அயர்லாந்துல சாப்பிட்ட இடத்தைப் பத்தி அடுத்தவங்களுக்கு உபயோகமா சொல்றது எப்படி

போன மாசம் நம்ம குரூப்ல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, சனிக்கிழமை கால்வே கூட்டிட்டுப் போறோம், மதியம் சாப்பிட நல்ல இடம் யாராவது சொல்லுங்கன்னு. 15 பதில் வந்துச்சு. எல்லாமே ஒரு கடை பேரு, பக்கத்துல "செம", "சூப்பர்", "மிஸ் பண்ணாதீங்க", அவ்ளோதான். அம்மா சைவமா, முட்டை சேர்த்துக்குவாங்களா, அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியுமா, ஒருத்தர் கூட கேக்கல. அவங்க போய் உக்காந்த இடத்துல சைவத்துக்கு சிப்ஸும் (இங்க சிப்ஸ்னா ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்) ஒரு சாலடும்தான் இருந்துச்சாம், மழையில வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு வேற கடை தேடி அலைஞ்சிருக்காங்க. கேட்டதும் மனசு கஷ்டமாயிடுச்சு. நாம சொல்ற ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் 80, 90 யூரோவையும் ஒரு லீவு நாளையும் செலவு பண்ணுது, அதனால கொஞ்சம் மெனக்கெட்டே சொல்லுவோம்.

முதல்ல எப்போ போனீங்கன்னு எழுதுங்க. மாசம், கிழமை, நேரம் மூணும் வேணும், ஏன்னா இங்க கிழமைக்கு கிழமை நிலவரம் மாறும். திங்கள் செவ்வாய் திறக்காத ரெஸ்டாரன்ட் நிறைய இருக்கு, மதியம் 3 மணி வாக்குல கிச்சனை மூடிட்டு 5 மணிக்கு மேலதான் திரும்ப ஆரம்பிக்கிற இடங்களும் ஏராளம், கிராமத்துப் பக்கம் பப்ல 9 மணிக்கு மேல போனா குடிக்க கிடைக்கும், சாப்பிட ஒண்ணும் கிடைக்காது. மேற்குக் கரையோர ஊர்கள்ல கோடையில அமர்க்களமா நடக்கிற கடை நவம்பர் வந்தா பூட்டியே கிடக்கும். நீங்க ஜூலைல போனதை தேதி போடாம சொன்னா ஜனவரில ஒருத்தர் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து பூட்டுன கதவைப் பாத்துட்டுப் போவாரு.

பிள்ளைங்களோட போனவங்க இன்னொரு விஷயத்தையும் சேர்த்து சொல்லணும். பப்ல அப்பா அம்மாவோட வந்த பிள்ளைங்களா இருந்தாலும் சட்டப்படி ராத்திரி 9 மணிக்கு மேல பார் பக்கம் உக்கார வைக்க முடியாது, மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் 10 மணி. இது தெரியாம 8 மணிக்கு டேபிள் போட்டு, சாப்பாடு வர லேட்டாகி, பாதில எந்திரிச்சுப் போற நிலைமை நம்ம ஆளுங்களுக்கு வந்திருக்கு. "பிள்ளைங்களோட போறதா இருந்தா 6 மணிக்கே போயிடுங்க, ஹை சேர் ரெண்டுதான் இருக்கு, தள்ளுவண்டி வைக்க வாசல் பக்கத்து டேபிள் கேளுங்க" இப்படி ஒரு வரி போட்டீங்கன்னா அது பத்து "சூப்பர்"க்கு சமம்.

அடுத்து காசு. "ரேட் ஓகேதான்" னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, ரெண்டு பேர் ஐடில வேலை பாக்கிற வீட்டுக்கு ஓகேயா இருக்கிறது படிக்க வந்த பையனுக்கு ஒரு வார மளிகைக் காசு. எத்தனை பேர் போனீங்க, என்ன என்ன சொன்னீங்க, பில் மொத்தம் எவ்ளோன்னு அப்படியே எழுதிடுங்க. அதோட ஏர்லி பேர்ட் மெனுல சாப்பிட்டீங்களா சாதாரண மெனுல சாப்பிட்டீங்களான்னு மறக்காம சொல்லணும், சாயங்காலம் சீக்கிரம் வர்றவங்களுக்கு ரெண்டு கோர்ஸ் மூணு கோர்ஸ் இவ்ளோன்னு ஒரே விலை வச்சிருப்பாங்க, அதே கிச்சன் அதே சாப்பாடு, ஒரு மணி நேரம் கழிச்சுப் போனா பில் வேற மாதிரி வரும். கூட்டமா போனா சர்வீஸ் சார்ஜ் சேர்ப்பாங்களான்னும் பாருங்க. டிப்ஸ் யாருக்குப் போகுதுன்னு நிறைய பேர் கேக்கிறாங்க, 2022 டிசம்பர் 1 ல இருந்து டிப்ஸை எப்படிப் பிரிக்கிறோம்னு கடைக்காரங்க நோட்டீஸ் போட்டு வைக்கணும்னு சட்டமே இருக்கு, கல்லா பக்கத்துல இருந்தா படிச்சுப் பாத்து அதையும் ஒரு வரில சொல்லுங்க, பரிமாறுற பிள்ளைங்கள்ல நிறைய பேர் நம்மள மாதிரி வெளியூர்ல இருந்து வந்தவங்கதான்.

இப்போ சைவம். நிதானமா சொல்ல வேண்டிய விஷயம் இதுதான், ஏன்னா "வெஜ் ஆப்ஷன் இருக்கு" ங்கிற ஒரு வரியாலதான் நம்ம ஆளுங்க ரொம்ப அவஸ்தைப்படுறாங்க. வெஜிடபிள் சூப்னு போட்டிருக்கும், உள்ள காய் மட்டும்தான் தெரியும், ஆனா அடிப்படைத் தண்ணி சிக்கன் ஸ்டாக்கா, அதாவது கோழி எலும்பு வேகவச்ச தண்ணியா இருக்கலாம். சிப்ஸ்ல என்ன இருக்கப் போகுதுன்னு நினைப்போம், மீன் பொரிச்ச அதே எண்ணெய்ல போடுவாங்க, பழைய முறைல மாட்டுக் கொழுப்புல பொரிக்கிற சிப்பர் கடைகளும் (மீனும் சிப்ஸும் விக்கிற கடை) இருக்கு. பன்னி சாப்பிடாதவங்க சீஃபுட் சவுடர்ங்கிற கெட்டி மீன் சூப் சொன்னா அதுல பேக்கன் துண்டு கிடக்கலாம். பி அண்ட் பி ல (காலைச் சாப்பாட்டோட ரூம் குடுக்கிற வீடு) தங்குறவங்களுக்கு காலைல ஐரிஷ் பிரேக்ஃபாஸ்ட் தட்டு வரும், முட்டை, சாசேஜ், ராஷர் (பேக்கன் துண்டு), தக்காளி, அதுக்கு நடுவுல வட்ட வட்டமா கறுப்பா ரெண்டு வெளுப்பா ரெண்டு துண்டு. புட்டிங்னு பேரைக் கேட்டா இனிப்புன்னுதான் யாருக்கும் தோணும். கறுப்பு புட்டிங் பன்னி ரத்தமும் ஓட்ஸும், வெள்ளைல ரத்தம் கிடையாது ஆனா அதுவும் பன்னிக்கறிதான். முதல் தடவை வர்ற அப்பா அம்மாவை அந்த தட்டு முன்னாடி உக்கார வைக்கிறதுக்கு முன்னாடியே யாராவது இதை சொல்லியிருக்கணும்.

அதனால "இருக்கு" ன்னு எழுதாம "கேட்டேன், இப்படி சொன்னாங்க" ன்னு எழுதுங்க. ஸ்டாக் என்னன்னு கேட்டேன், காய் ஸ்டாக்னு சொன்னாங்க. சைவத்துக்கு ஃப்ரையர் (பொரிக்கிற சட்டி) தனியான்னு கேட்டேன், ஒண்ணுதான்னு சொன்னாங்க. கேக்கலன்னா கேக்கலன்னே போட்டுடுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல, படிக்கிறவங்க போய் கேட்டுப்பாங்க. இங்க ஒரு வசதி என்னன்னா, பாக்கெட்ல அடைக்காத சாப்பாட்டுக்கும் 14 அலர்ஜி பொருள்கள் இருக்கா இல்லையான்னு எழுத்துலயே காட்டணும்னு 2014 டிசம்பர்ல இருந்து விதி இருக்கு, வாயால சொன்னா மட்டும் போதாது. மெனுல ஒவ்வொரு ஐட்டம் பக்கத்துலயும் 1, 3, 7 னு நம்பர் போட்டிருக்குமே அது இதுக்குத்தான், எந்த நம்பர் எதுன்னு அடில இருக்கும், கடைக்குக் கடை மாறும். முட்டை, பால், மீன், நிலக்கடலை, எள்ளு எல்லாம் அந்த 14 ல வரும், நம்ம தாளிக்கிற கடுகு கூட வரும். ஆனா மாட்டு ஸ்டாக்கோ, எலும்பு தோல்ல இருந்து எடுக்கிற ஜெலட்டினோ அந்த லிஸ்ட்ல கிடையாது. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, முட்டை வேணாம்னா நம்பரைப் பாத்தே முடிவு பண்ணிடலாம், கறிக் கலப்பு இல்லாம வேணும்னா வாயைத் திறந்து கேட்டுதான் ஆகணும்.

காரம் பத்தி சொல்லும்போது "காரமே இல்ல" னு மொட்டையா விடாதீங்க. கடைக்காரர்கிட்ட கூட்டிப் போடச் சொன்னீங்களா இல்ல வந்ததை அப்படியே சாப்பிட்டீங்களான்னு சொல்லணும், சில இந்தியன் கடைகள்ல "வீட்டுல பண்ற மாதிரி குடுங்க" னு சொன்னா நிஜமாவே வேற குழம்பு வரும். படிக்கிறவங்க நாக்குக்குத் தெரிஞ்ச ஒண்ணோட சேர்த்து சொன்னா இன்னும் நல்லது. ஸ்பைஸ் பேக்னு இங்க சைனீஸ் டேக் அவேல விக்கிறாங்களே, அதை நான் புதுசா வர்றவங்களுக்கு இப்படித்தான் சொல்லுவேன்: பேப்பர் பைக்குள்ள சிப்ஸும் மொறுமொறு சிக்கனும், கூட வெங்காயம், குடமிளகாய், கொஞ்சம் பச்சை மிளகாய், மேல உப்பும் மசாலாத் தூளும் தூவி குலுக்கியிருக்கும், காரம் நம்ம மிளகு வறுவல்ல பாதிதான் இருக்கும், ஆனா சோம்பு பட்டை வாசனை தூக்கலா வரும், பையைக் கிழிச்சு விரிச்சு பத்து நிமிஷத்துக்குள்ள சாப்பிட்டுடணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ஆவிலயே நமுத்துப் போயிடும்.

நாம எப்பவும் பிரியாணி எங்க நல்லா இருக்கு தோசை எங்க நல்லா இருக்குன்னு மட்டும்தான் பேசிக்கிறோம், எனக்கு இதுல வருத்தம் உண்டு. வந்த ஊரு சாப்பாட்டையும் சாப்பிட்டுப் பாத்து எழுதுங்க. கார்க் ஊர்ல இங்கிலீஷ் மார்க்கெட்னு ஒரு உணவுச் சந்தை 1788 ல இருந்து நடக்குது, ஒரு ரவுண்டு நடந்தாலே அந்த ஊர் என்ன சாப்பிடுதுன்னு தெரிஞ்சுடும். வாட்டர்ஃபோர்டுல பிளான்னு மாவு தூவுன மெத்துன்னு ஒரு பன், காலைல சூடா வெண்ணெய் தடவி சாப்பிடணும், அந்த ஊர் பேருக்கு 2013 ல ஐரோப்பிய யூனியன் பாதுகாப்பே குடுத்திருக்கு, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு ஊர் பேரு எப்படியோ அப்படி. கால்வே பக்கம் நாட்டு ஆய்ஸ்டர் (சிப்பி) செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் சீசன். சைவக்காரங்களுக்கும் வழி இருக்கு, டப்ளின் விக்லோ ஸ்ட்ரீட்ல கார்னுகோப்பியா 1986 ல ஆரம்பிச்ச சைவக் கடை, கார்க்ல பாரடைஸோ 1993 ல இருந்து முழு சைவ ரெஸ்டாரன்ட், முதல்ல சொன்னது சாதாரணமா போய் சாப்பிடுற மாதிரி, ரெண்டாவது கல்யாண நாளுக்குப் போற மாதிரி.

இந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்டு சொல்றீங்கன்னா அவங்க பேச்சை சரியா புரிஞ்சுக்கணும். "கிராண்ட்" னு சொன்னா பிரமாதம்னு அர்த்தம் இல்ல, பரவால்ல, குறை சொல்ல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். "நாட் டூ பேட்" னு சொன்னா அது நல்லாவே இருந்துச்சுன்னு எடுத்துக்கலாம். ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்ககிட்ட நல்ல இடம் எதுன்னு கேக்காம, உங்க அம்மா பிறந்தநாளுக்கு எங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு கேளுங்க, யோசிச்சு ஒரு பேர் சொல்லுவாங்க, அதுதான் நிஜமான பதில்.

இடத்தைச் சொல்லும்போது எயர்கோடு, அதாவது இங்கத்த பின்கோடு சேர்த்துப் போடுங்க. ஏழு எழுத்துதான், 2015 ல வந்தது, ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி கோடு, மேப்ல போட்டா நேரா வாசல்ல கொண்டு விடும். ஒரே பேர்ல நாலு கிளை இருக்கிற கடைகள்ல ஒரு கிளை நல்லா இருக்கும் இன்னொண்ணு சுமாரா இருக்கும், கோடு போடலன்னா ஆளுங்க தப்பான கிளைக்குப் போய் உங்களைத் திட்டுவாங்க. பஸ்ல, லுவாஸ்ல (டப்ளின் டிராம்) வர்றவங்களுக்கு கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னும் முடிஞ்சா சொல்லுங்க.

மோசமா இருந்தா எப்படி எழுதறது? முதல்ல அங்கயே சொல்லுங்க. ஒரு தடவை எங்களுக்கு வந்த சிக்கன் நடுவுல வேகாம ரோஸ் கலர்ல இருந்துச்சு, பரிமாறுன பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டுனோம், உடனே எடுத்துட்டுப் போய் வேற கொண்டு வந்தாங்க, பில்லுலயும் கழிச்சுட்டாங்க. நான் எழுதும்போது ரெண்டையும்தான் எழுதுனேன், வேகாம வந்ததையும் அவங்க சரி பண்ணதையும். கண்ணால பாத்தது, நாக்குக்குத் தெரிஞ்சது, பில்லுல இருந்தது, இதை தாராளமா எழுதலாம். "பழைய கறியைப் போடுறாங்க", "இவங்களால எனக்கு ஃபுட் பாய்சன்" னு நிரூபிக்க முடியாததை நடந்ததா எழுதாதீங்க, இங்க 2009 அவதூறு சட்டம் ஆன்லைன்ல எழுதறதுக்கும் பொருந்தும், அதோட ஒரு சின்னக் கடையோட பொழைப்பு அது. நிஜமாவே சுத்தம் சரியில்லன்னா எஃப்எஸ்ஏஐ னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கு, அவங்க வெப்சைட்லயே புகார் குடுக்கலாம், மூடச் சொல்லி ஆர்டர் போட்ட கடைகளோட பேரையும் அவங்களே அங்க வெளியிடுறாங்க.

கடைக்காரர் தெரிஞ்சவரா இருந்தாலோ ஓசில சாப்பாடு குடுத்திருந்தாலோ முதல் வரிலயே சொல்லிடுங்க. சாப்பிடாத கடைக்கு சாப்பிட்டதா ரிவ்யூ போடச் சொல்லி யாராவது கேட்டா முடியாதுன்னு சொல்லிடுங்க, வியாபாரம் பண்றவங்க பொய் ரிவ்யூ போடுறதும் போட வைக்கிறதும் நுகர்வோர் சட்டத்துல இப்ப குற்றம்.

எழுதிட்டு அப்படியே விட்டுடாதீங்க. நம்ம கடைகள்ல செஃப் மாறினா சாம்பாரே மாறிடும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பழசைத் திறந்து பாத்து, திரும்பப் போயிருந்தா அடில தேதி போட்டு ஒரு வரி சேருங்க: "மார்ச்ல மறுபடி போனோம், தோசை முன்ன மாதிரியே மொறுமொறுன்னு இருக்கு, சட்னி ஒண்ணு குறைஞ்சிருக்கு, விலை ஒண்ணரை யூரோ ஏறியிருக்கு, படி ஏறாம பின்னாடி வழியா வரலாம், கேட்டா கதவைத் திறந்து விடுறாங்க."