டேப் டிரைவுக்கு டிரைவர் போடறப்ப நம்மாளுங்க பண்ற தப்புங்க

திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிங்களுக்கு சர்வர் பார்க்கறதுதான் என்ர வேலைங்க. ஃபைலையெல்லாம் பூட்டிட்டுக் காசு கேக்கற ரேன்சம்வேர் பயம் வந்ததுக்கப்பறம் டேப்பையே மறந்து போன கம்பெனிங்க எல்லாம் மறுபடி எல்டிஓ டிரைவ் (பேக்கப்பை டேப் கேசட்டுல எழுதற மெஷின்) வாங்கி வைக்கறாங்க, எழுதின டேப்பைக் கழட்டி பீரோவுல வச்சுட்டா நெட்வொர்க் வழியா வர்றவன் எவனும் தொட முடியாதில்லைங்களா. ஆனா விண்டோஸோட டிவைஸ் மேனேஜர்ல டிரைவ் பேரு வந்துருச்சு, மஞ்சக் குறி இல்ல, சோலி முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிடறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. பேரு வர்றது ஆரம்பம்தானுங்க, அந்த டிரைவை எந்த டிரைவர் (மெஷினை ஓட்டற சாஃப்ட்வேர்) பிடிச்சு வச்சிருக்குதுன்னு பார்க்கோணும்.

முதல்ல கார்டு. பல டிஸ்க்கை ஒண்ணாச் சேத்து ஓட்டறதுக்குன்னு இருக்கற ரெய்டு கார்டுலயே டேப் கேபிளையும் சொருகிடறாங்க. பல ரெய்டு கார்டுங்க டேப்பைக் கண்டுக்கவே கண்டுக்காது, நீங்க எத்தனை தடவை டிரைவர் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. டிரைவை சர்வரோட நேரா இணைக்கற எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டு ஒண்ணைத் தனியாப் போட்டு, அதோட டிரைவரை ஏத்திட்டு, அப்புறமேட்டுத்தான் டேப் டிரைவர். டேப்பை ஆன் பண்ணி அது ரெடியானதுக்கப்பறம் சர்வரை ஆன் பண்ணுங்க. கரண்ட் போய் வந்து ரெண்டும் ஒண்ணா எந்திரிச்சா டிரைவ் சில சமயம் காணாமப் போகும், ரீஸ்கேன் பண்ணா பெரும்பாலும் வந்துரும், அதுக்குப் போயி டிரைவரையே அழிக்க வேணாமுங்க.

விண்டோஸ்ல நான் அதிகமாப் பார்க்கறது ஒரு டிரைவுக்கு ரெண்டு மூணு டிரைவர் சண்டை போடறது. விண்டோஸ்கூட வர்றது ஒண்ணு, டிரைவ் தயாரிச்ச கம்பெனி குடுக்கறது ஒண்ணு, முன்னாடி இருந்த பேக்கப் சாஃப்ட்வேர் போட்டுட்டுப் போனது இன்னொண்ணு. சாஃப்ட்வேர் மாத்தறப்ப பழசோட டிரைவரையும் எடுத்துட்டுத்தான் புதுசு போடோணும். ஐபிஎம் டிரைவர்ல எக்ஸ்க்ளூசிவ், நான்-எக்ஸ்க்ளூசிவ்னு ரெண்டு இன்ஸ்டால் ஃபைல் இருக்கும், முதல்ல கண்ணுல பட்டதை டபுள் கிளிக் பண்ணிடறாங்க, எக்ஸ்க்ளூசிவ்னா டிரைவை ஒரு நேரத்துல ஒருக்காத்தான் திறக்க விடும். வீம்ங்கற பேக்கப் சாஃப்ட்வேர் போட்டிருக்கறவங்க நான்-எக்ஸ்க்ளூசிவ்தான் போடோணும். டேப்பைத் தானே மாத்திப் போடற லைப்ரரி வச்சிருக்கறவங்களுக்கு 'அன்நோன் மீடியம் சேஞ்சர்'னு காட்டினா உடனே பயந்துக்கிட்டு எங்கிருந்தோ ஒரு டிரைவரை இறக்கிப் போடாதீங்க, வீம் அதை டிரைவர் இல்லாம நேரடி ஸ்கஸி கமாண்ட்லயே (மெஷினுக்குப் போற உத்தரவு) ஓட்டிக்கும், அதுக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்குது.

டிரைவர் மேல வீண் பழி விழறதும் உண்டு. எல்டிஓ-8 டிரைவ்ல (நம்பர் தலைமுறையைக் குறிக்கும்) பழைய எல்டிஓ-6 டேப்பைப் போட்டுட்டுப் படிக்கலைங்கறாங்க, படிக்காது, அது 7-ம் 8-ம்தான் எடுக்கும். எல்டிஓ-9ல புது டேப்பை முதல் தடவை போட்டா டிரைவ் தன்னைச் சரிபண்ணிக்க 2 மணி நேரம்கூட எடுக்கலாம், தொங்கிப் போச்சுன்னு பவரைப் பிடுங்கிடாதீங்க.

லினக்ஸ்ல நடந்த ஒண்ணைச் சொல்றேனுங்க, இன்னும் மனசுல நிக்குது. ஒரு கம்பெனியில வேற ஒருத்தர் போட்டு வச்ச ஸ்கிரிப்ட், சனிக்கிழமை ராத்திரி முதல்ல கணக்கு ஃபோல்டர், அடுத்து டிசைன் ஃபோல்டர், ரெண்டும் டார்ங்கற பேக்கப் கமாண்ட்ல எஸ்டி0-க்கு (லினக்ஸ்ல டேப் டிரைவோட பேரு) போகுது, லாக்ல ரெண்டுமே சக்சஸ். ஒரு நாள் டிஸ்க் போயிருச்சு. கணக்கு பார்க்கற அக்கா பக்கத்துல சேர் போட்டு உக்காந்துட்டாங்க, டேப்பைச் சுத்தினா டிசைன் மட்டும் வருது, அடுத்த டேப் போட்டாலும் டிசைன் மட்டும்தான். எஸ்டி0-ங்கறது எழுதி முடிச்சதும் டேப்பை ஆரம்பத்துக்குச் சுத்திரும், அடுத்த டார் அதும்மேலயே எழுதிரும். சுத்தாம அங்கயே நிக்கோணும்னா முன்னாடி ஒரு என் சேர்த்து என்எஸ்டி0-ன்னு போடோணும். அந்த ஒரு எழுத்துக்காக அந்தக்கா மாசக்கணக்கான பில்லைப் பேப்பரைப் பார்த்துத் திரும்ப அடிச்சாங்க, "ங்ணா, லாக்ல சரின்னுதானுங்களே வந்துச்சு"ன்னு கேட்டப்ப எனக்கு வாயே வரலைங்க. ரெண்டு டிரைவ் இருந்தா இன்னொண்ணு, ரீபூட்ல பேருல இருக்கற 0-ம் 1-ம் எடம் மாறிக்கலாம், அதனால டேப்-பை-ஐடி ஃபோல்டருக்குள்ள சீரியல் நம்பரோட இருக்கற பேரைத்தான் ஸ்கிரிப்ட்ல போடோணும்.

ஐபிஎம்மோட லின் டேப்ங்கற லினக்ஸ் டிரைவர் போட்டிருந்தீங்கன்னா கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அப்டேட்டுல கவனமுங்க. அது அந்தக் கெர்னலுக்குன்னு கட்டின மாட்யூல் (கெர்னலோட சேர்ற துண்டு), கெர்னல் மாறிட்டா திரும்பக் கட்டோணும், செக்யூர் பூட் (சர்வர் ஆரம்பிக்கறப்ப பண்ற பாதுகாப்புச் சோதனை) ஆன்ல இருந்தா டிஜிட்டல் கையெழுத்தில்லாத மாட்யூலை உள்ளயே விடாது. நம்மூர்ல சனிக்கிழமை சம்பளம், அன்னைக்கு ராத்திரி ஓடற பேக்கப்தான் முக்கியம், அதனால வெள்ளிக்கிழமை அப்டேட் பண்ற வேலையே வேணாம். ஞாயித்துக்கிழமை பண்ணி, ரீபூட் போட்டு, ஒரு சின்ன ஃபோல்டரை டேப்புல எழுதி, டேப்பை வெளிய எடுத்து மறுபடி போட்டு, வேற எடத்துல ரீஸ்டோர் பண்ணி, அதுல ஒரு பில்லைத் திறந்து தொகை சரியா இருக்குதான்னு பார்த்துட்டு வீட்டுக்குக் கெளம்புங்க.