கண்காணிப்புக் கேமராவைக் கணினி நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டதாக நம்பவைக்கும் தவறுகள்

கணினிகளுக்கு 192.168.1.x, கேமராக்களுக்கு 192.168.2.x என்று ஐபி எண்களைக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சாதாரண நெட்வொர்க் சுவிட்சில் செருகுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இது பிரிப்பே ஆகாது. கேமராவுக்குள் புகுந்தவர் அதற்கு 192.168.1.50 என்று இன்னொரு எண்ணைப் போட்டால் போதும், உங்கள் கணினியோடு நேராகப் பேசலாம். வி-லேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) வசதியுள்ள சுவிட்ச் வேண்டும். கேமரா செருகும் போர்ட் ஒவ்வொன்றும் கேமரா வி-லேனில் மட்டுமே இருக்க வேண்டும். டிரங்க்காக, அதாவது பல வி-லேன்களைக் கடத்தும் போர்ட்டாக, விடவே கூடாது. வெளிச்சுவரில் தொங்கும் கேமராவைக் கழற்றி அந்தக் கேபிளில் லேப்டாப்பைச் செருக யாராலும் முடியும்.

வி-லேன் போட்டதோடு நிறுத்துவது அடுத்த தவறு. பல ரவுட்டர்கள் வி-லேன்களுக்கிடையே தாமாகவே வழிவிடும். கணினியிலிருந்து என்விஆருக்கு (கேமராக்களின் வீடியோவைப் பதியும் கருவி) போக அனுமதி. கேமரா பக்கமிருந்து கணினிகளுக்கும் இணையத்துக்கும் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கும் தடை என்று ரவுட்டரின் ஃபயர்வாலில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் பகுதி) எழுதுங்கள். விதிகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே பார்க்கப்படும். 'எல்லாம் அனுமதி' மேலே இருந்தால் கீழே எழுதிய தடை வெறும் அலங்காரம்தான். ஐபிவி6 (புதிய வகை ஐபி எண்முறை) இயங்கினால் அதற்கும் இதே தடை வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

என்விஆரைக் கணினிகளோடு வைக்காதீர்கள், அதன் இடமும் கேமரா வி-லேன்தான். இணையத்தை அடைத்தபின் கேமராவின் கடிகாரம் மெல்லப் பிசகும், பதிவிலுள்ள நேரத்தை நம்ப முடியாமல் போகும். நேரம் கேட்பதற்கான யுடிபி 123 போர்ட் வழியே ரவுட்டரிடமோ என்விஆரிடமோ நேரம் கேட்க மட்டும் விடுங்கள்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 80, 554 போர்ட்களை (கேமராவின் வலைப்பக்கத்துக்கும் வீடியோவுக்கும் உரிய எண்கள்) திறந்து வைக்காதீர்கள்; கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறக்க விடும் யுபிஎன்பியை அணைத்துவிட்டு, வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி வழி) வழியாக உள்ளே வாருங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது, ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்கள், ரவுட்டர்கள் போன்ற கருவிகளில்தான்.

கடைசியாக, சோதனை. ஒரு கேமராவின் கேபிளை லேப்டாப்பில் செருகி, 192.168.1.50 என்று எண் கொடுத்து ரவுட்டரின் 192.168.1.1 பக்கத்தைத் திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது. பிறகு கேமரா வி-லேனின் எண்ணையே கொடுத்து, கணினியைப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று ஒரு சிறு செய்தி அனுப்பிப் பார்ப்பது). பதில் வராததை மட்டும் நம்பிவிடாதீர்கள்: விண்டோஸ் பல நேரம் பிங்குக்குத் தானாகவே பதில் தராது. ரவுட்டரில் அந்தத் தடை விதிக்கு எதிரே உள்ள பாக்கெட் (தரவுத் துண்டு) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால், தடுத்தது உங்கள் விதி அல்ல.