காலை 6:30 படகு, கலண்டரில் பகல் 12:00: இணைத்த மென்பொருள்களின் நேரக் கோளாறைச் சரிசெய்வது எப்படி?

நிலாவெளியில் என் மாமாவுக்கு ஒரு படகு இருக்கிறது. காலையில் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போய், கச்சான் காற்று எழும்ப முதல் கரைக்குத் திரும்பிவிடுவார். அவருக்கு வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் தளம் செய்து, புக்கிங் பிளகின் (முன்பதிவு எடுக்கும் துணை மென்பொருள்) போட்டு, அதைக் கூகுள் கலண்டரோடு இணைத்துக் கொடுத்தது நான்தான். போன சீசனில் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கோல் எடுத்தார். "தம்பி, ஆறரைக்கு வாற ஆக்களை இன்னும் காணேல்ல. நான் கரையிலதான் நிக்கிறன்." அந்தக் குடும்பம் உப்புவெளியில் அறையில் நித்திரை. அவர்களுடைய கலண்டரில் படகு பகல் 12:00 மணிக்கு என்று இருந்தது.

அன்றைய ட்ரிப் அதோடு போய்விட்டது. கெஸ்ட் ஹவுஸ், படகு, ரியூஷன் வகுப்பு என்று எதற்காக இணையத்தளம் வைத்திருந்தாலும் இந்தக் கோளாறு வரலாம். திருத்துவதற்குக் கோடிங் தெரியத் தேவையில்லை. நான் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

இலங்கை நேரம், யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள், நீங்கள் தரும் நேரத்தில் 5:30ஐக் கழித்து யூடிசியில் சேமிக்கும். திரும்பக் காட்டும்போது 5:30ஐக் கூட்டிக் காட்டும். நம்முடைய காலை 6:30, உள்ளே 1:00 ஆக இருக்க வேண்டும். ஒரு மென்பொருள் சேமித்து இன்னொன்று காட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒன்று கழிக்காமல் விட்டதை மற்றது கூட்டிவிடும், அல்லது ஒன்று கழித்ததை மற்றது கூட்ட மறக்கும்.

படி 1: எதையும் மாற்றாமல் அளவெடுங்கள்

செட்டிங்ஸில் கைவைக்க முதல், உங்கள் பெயரிலேயே ஒரு பரீட்சார்த்த புக்கிங் போடுங்கள். நாளைக் காலை 6:30 என்று வையுங்கள். பிறகு நான்கு இடங்களில் பாருங்கள்: இணையத்தளப் பக்கம், உள்ளே அட்மின் பட்டியல், வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சல், கூகுள் கலண்டர். நான்கு நேரத்தையும் திகதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலைந்து இடத்தில் மாற்றிய பிறகு, முதலில் என்ன இருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் வராது.

படி 2: வித்தியாசத்தை வாசியுங்கள்

என் பார்வையில் முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். எத்தனை மணி பிசகியிருக்கிறது என்பதே பிழை எங்கே என்று காட்டிவிடும்.

6:30, 1:00 ஆகத் தெரிந்தால், சேமித்தது சரி, காட்டும் இடம் கூட்டவில்லை. 12:00 ஆகத் தெரிந்தால், சேமிக்கும்போது கழிக்கவில்லை, காட்டும் இடம் கூட்டிவிட்டது. அரை மணி மட்டும் வித்தியாசமென்றால், யாரோ ஓரிடத்தில் +5 அல்லது +6 என்று தெரிவு செய்திருக்கிறார்கள். வித்தியாசம் 2:30 என்றால் எங்கோ சிங்கப்பூர் நேரம் ஓடுகிறது. வித்தியாசம் 9:30 அல்லது 10:30 என்றால் நியூயோர்க் நேரமாக இருக்கலாம்.

லண்டன் நேரம் ஆளை ஏமாற்றும். மாரியில் லண்டனும் யூடிசியும் ஒன்று, ஆகவே ஜனவரியில் பார்த்தால் வித்தியாசம் 5:30. கோடையில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணி முன்தள்ளுவதால் வித்தியாசம் 4:30 ஆகிவிடும். நம்முடைய கிழக்குக் கரைச் சீசன் நடப்பதும் அவர்களுடைய கோடையில்தான். ஜனவரியில் ஆறுதலாக இருந்து சோதித்துவிட்டு, யூடிசி என்று நினைத்து 5:30ஐக் கையால் கூட்டி வைத்தால், ஜூனில் ஒவ்வொரு படகும் ஒரு மணி பிந்திக் காட்டும்.

படி 3: வேர்ட்பிரஸ்

செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தைத் திறந்து, டைம்சோன் (நேர வலயம்) பெட்டிக்குப் போங்கள். ஏசியா தொகுதிக்குள் கொழும்பைத் தெரிவு செய்து சேவ் பண்ணுங்கள். பெட்டியின் கீழே யூடிசி நேரமும் உள்ளூர் நேரமும் தெரியும். உங்கள் போனோடு ஒப்பிடுங்கள்.

அதே பட்டியலின் கடைசியில் யூடிசி +5:30 என்றும் ஒன்று இருக்கும். அதை எடுக்காதீர்கள். ஊர்ப் பெயர் தன் வரலாற்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. இலங்கை 1996 மே மாதம் +6:30க்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் +6க்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. கொழும்பு என்று போட்டால் அந்தக் காலத்துத் திகதிகளையும் மென்பொருள் சரியாகக் கணக்கிடும். வெறும் +5:30க்கு இது ஒன்றும் தெரியாது.

படி 4: புக்கிங் பிளகின்

எங்கள் வீட்டுப் பிழை இங்கேதான் இருந்தது. பிளகினுக்கென்று தனியாக ஒரு நேர வலயப் பெட்டி இருந்தது. அதை நான் திறந்தே பார்க்கவில்லை. அது யூடிசியில் கிடந்தது. மாமா 6:30 என்று போட்டதை அது யூடிசி 6:30 என்றே எடுத்து வைத்தது. தன் பக்கத்தில் காட்டும்போதும் 6:30 என்றே காட்டியதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கலண்டர் தன் கடமையைச் செய்து 5:30ஐக் கூட்டியது.

அந்தப் பெட்டியில் 'இணையத்தளத்தின் நேரத்தைப் பயன்படுத்து' என்ற பொருளில் ஒரு தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் இங்கேயும் கொழும்பு. 'மணித்தியால வித்தியாசம்' என்று தனியாக ஓர் இலக்கம் கேட்டால் பூச்சியம் போடுங்கள். நேர வலயத்தையும் சரியாக்கி, அங்கே 5:30ஐயும் விட்டுவைத்தால் இரட்டைக் கூட்டல்தான்.

படி 5: கூகுள் கலண்டர்

கணினியில் திறந்து செய்யுங்கள். இரண்டு இடம் பார்க்க வேண்டும்: முழுக் கணக்குக்கான நேர வலயம் ஒன்று, ஒவ்வொரு கலண்டருக்கும் உள்ள நேர வலயம் இன்னொன்று. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னும் சரிவரவில்லையென்றால், பிளகின் அனுப்பும் கலண்டர் கோப்பை இறக்கி நோட்பேடில் திறந்து பாருங்கள். தொடக்க நேரம் உள்ள வரியில் முதலில் எட்டு இலக்கத்தில் திகதி, அடுத்து டி என்ற ஆங்கில எழுத்து, பிறகு ஆறு இலக்கத்தில் நேரம் இருக்கும். கடைசியில் இசட் என்ற எழுத்து இருந்தால் அது யூடிசி நேரம். நம்முடைய 6:30 படகுக்கு 010000, பின்னால் இசட் என்று வர வேண்டும். மாமாவின் கோப்பில் 063000, பின்னால் இசட் என்று இருந்தது. அந்த ஒரு வரியைக் கண்டதும், கூகுளில் தேட வேண்டிய வேலை இல்லை, பிளகினுக்கே திரும்ப வேண்டும் என்று விளங்கிவிட்டது.

இணைப்பு முகவரி மூலம் கலண்டரைச் சேர்த்திருந்தால் திருத்தம் வந்துசேரப் பல மணித்தியாலம் ஆகலாம். அவசரத்துக்கு, இறக்கிய கோப்பை ஒரு புதிய கலண்டரில் ஏற்றிப் பாருங்கள்.

படி 6: சேர்வரைத் தொடாதீர்கள்

தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் கோப்பில் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல் மொழி) நேர வலயத்தை மாற்றும் ஒரு வரியைச் சேருங்கள் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வேர்ட்பிரஸ் தொடங்கும்போதே அதை யூடிசியில் வைத்துக்கொண்டுதான் தன் கணக்கைப் போடுகிறது. நீங்கள் மாற்றினால் சரியாக இருந்த இடங்களும் குழம்பும். ஏற்கெனவே யாரும் மாற்றியிருக்கிறார்களா என்று அறிய, டூல்ஸ் மெனுவில் சைட் ஹெல்த் பக்கத்தைப் பாருங்கள். மாற்றம் இருந்தால் அங்கே எச்சரிக்கை வரும்.

படி 7: ஏற்கெனவே வந்த புக்கிங்குகள்

செட்டிங்ஸை மாற்றியதும் பழைய பதிவுகள் தானாகத் திருந்தும் என்று நம்ப வேண்டாம். இனி வரவிருக்கும் ஒவ்வொரு புக்கிங்கையும் திறந்து, நேரத்தைப் பார்த்து, தேவையானால் திருத்தி மீண்டும் சேவ் பண்ணுங்கள். வேர்ட்பிரஸில் நேரம் குறித்து வைத்த பதிவுகளுக்கும் அப்படித்தான். எங்களிடம் பதினொரு புக்கிங் இருந்தது. எல்லோருக்கும் 'இலங்கை நேரம் காலை 6:30' என்று எழுத்தில் போட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். வெளிநாட்டில் இருந்து புக் பண்ணுகிறவருக்கு அந்த இரண்டு சொல் பெரிய உதவி; இப்போது இணையத்தளத்திலும் அப்படியே போட்டிருக்கிறோம்.

கடைசிச் சோதனை

கேஷை (சேமித்து வைத்த பழைய பக்கப் பிரதிகளை) அழித்துவிட்டு மீண்டும் ஒரு பரீட்சார்த்த புக்கிங் போடுங்கள். இம்முறை காலை 5:00 மணிக்கு. 5:30ஐக் கழித்தால் அது முதல்நாள் இரவு 11:30 ஆகும். ஆகவே எங்காவது கூட்டல் தவறியிருந்தால் மணியோடு திகதியும் ஒருநாள் பின்னால் போய்விடும், கண்ணுக்கு உடனே தெரியும். அந்தத் தாளை எடுத்து, அதே நான்கு இடங்களையும் பாருங்கள். நான்கிலும் ஒரே திகதி, 5:00 மணி என்று இருந்தால் பரீட்சார்த்த புக்கிங்குகளை அழித்துவிடலாம்.