கேடய எரிமலை: ஒரு தட்டில் கட்டிப் பார்க்கலாம்

எரிமலையை வரையச் சொன்னால் பெரும்பாலும் கூம்புதான் வரைவோம். ஹவாயின் மௌனா லோவா அப்படி இருக்காது. 4,169 மீட்டர் உயரம் இருந்தும், தரையில் கவிழ்த்துப் போட்ட கேடயம் மாதிரி அகலமாகப் படுத்திருக்கும். ஏன் என்று புரிய கொஞ்சம் மெழுகு போதும்.

எவர்சில்வர் தட்டு, இரண்டு மெழுகுவர்த்தி, கரண்டி, ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகை ஒரு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம், பற்றிக்கொள்ளும். சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

படி 1: தட்டின் நடுவில் ஒரு கரண்டி ஊற்றுங்கள். மெல்லிய வட்டமாகப் பரவும். மௌனா லோவாவில் வழியும் பசால்ட் லாவாவும் (ஆறினால் கரும்பாறையாகும் எரிமலைக் குழம்பு) இப்படித்தான். சூடு சுமார் 1,100 டிகிரி செல்சியஸ். அதில் சிலிக்கா (மணலில் அதிகம் உள்ள பொருள்) ஏறக்குறைய 50 சதவீதம்தான். சிலிக்கா குறைந்தால் குழம்பு நீர்த்து ஓடும், வாயுவும் சுலபமாகப் பிரிந்துவிடும். அதனால் பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல் வழிந்து ஓடுகிறது. பக்கத்தில் ஓர் உருண்டை வடை மாவை வையுங்கள், அசையாமல் நிற்கும். சிலிக்கா மிகுந்த லாவா அந்த ரகம்.

படி 2: இறுகியதும் அடுத்த கரண்டி. பத்துப் பன்னிரண்டு முறை, அவசரமே வேண்டாம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வழிவு. மௌனா லோவாவில் 2022 நவம்பரில்கூட ஓர் அடுக்கு சேர்ந்தது.

படி 3: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஊற்றிய சற்று நேரத்தில் மெழுகின் மேல், பாலில் படிவதுபோல் ஆடை படியும். தட்டை லேசாகச் சாய்த்து, தாழ்ந்த ஓரத்தில் ஊசியால் குத்துங்கள். உள்ளே இன்னும் இளகியிருக்கும் மெழுகு, குத்திய இடத்தில் சின்ன நாக்கு நீட்டிக்கொண்டு வரும். லாவா ஓடையிலும் மேற்பரப்பு இறுகிக் கூரையாகிவிடும்; அடியில் குழாய்க்குள் ஓடும் லாவா சூடு ஆறாமல் பல கிலோமீட்டர் போகும். மலை இத்தனை அகலமாவதற்கு இது பெரிய காரணம். வழிவு நின்று குழாய் காலியானால் குகை மிஞ்சும். ஹவாயின் இன்னோர் எரிமலையான கிலாவேயாவில் உள்ள நாஹுகு குகை அப்படி வந்ததுதான். மக்கள் அதற்குள் நடந்தே போகிறார்கள்.

படி 4: கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். சரிவு தெரிகிறதா? மௌனா லோவாவின் சரிவும் பெரும்பாலும் 10 டிகிரிக்குள்தான்.

படி 5: இப்போது தட்டை ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, கரண்டி இருந்த இடத்திலிருந்தே ஊற்றுங்கள். இரண்டாவது மேடு எழும். லாவா கிளம்பும் இடம் அடியில் அந்தக் கரண்டி மாதிரி நிலையாக இருக்க, மேலே பசிபிக் புவித்தட்டு (பசிபிக் கடலைத் தாங்கும் பெரிய பாறைத் தளம்) ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடமேற்காக நகர்வதால்தான் ஹவாய்த் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. செவ்வாய்க் கோளில் அப்படித் தட்டுகள் நகர்வதில்லை. ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்ததில் எழுந்த அங்குள்ள கேடய எரிமலை ஒலிம்பஸ் மோன்ஸ், சுமார் 22 கிலோமீட்டர் உயரம்.