ஒரே மாதிரி கைப்பிடிக் கம்பங்கள்

மாடிப்படிக்கு லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்த தேக்குக் கம்பங்கள் தனித்தனியே அழகுதான். வரிசையில் நிறுத்தினால் வளையங்கள் ஏறி இறங்கித் தெரிந்தன.

பிளைவுட் பட்டை ஒன்றில் வளையமும் பள்ளமும் வரும் இடங்களில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டேன். உருட்டிய கட்டை சுழலும்போது பட்டையை டூல் ரெஸ்ட் (உளியைத் தாங்கும் கட்டை) மேல் வைத்து, வெட்டுகளில் பென்சிலைப் பிடித்தால் கோடு விழுந்துவிடும்.

அப்புறம் விட்டம். ஒரே காலிப்பரை (இரு கால்களுக்கு இடையே விட்டம் அளக்கும் கருவி) திருகித் திருகி மாற்றினால் அளவு நழுவும். அதனால் 38, 30, 22 மி.மீ.க்குத் தனித்தனி காலிப்பர். முனைகளை அரத்தால் மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் கவ்வும். காலிப்பர் வழுக்கி நுழையும் வரை பார்ட்டிங் உளியை (குறுகிய பள்ளம் வெட்டும் உளி) இறக்கினேன்.

விட்டத்தில் ஒரு மி.மீ. கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. வளையம் இருக்கும் உயரம் மாறினால்தான் கண்ணை உறுத்தும்.